தோட்டத்து ஸ்கூல் சுற்றாடல் கழகத்துக்கு கிராண்ட் எடுக்கிறது எப்படி? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

ஓடைக்கரை டீச்சர் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் பொகவந்தலாவை பக்கம் ஒரு தோட்டத்து ஸ்கூல்ல சயன்ஸ் படிப்பிக்கிறேன், ஆறாம் ஆண்டுல இருந்து ஒம்பதாம் ஆண்டு வரைக்கும். மூணு வருஷமா சுற்றாடல் கழகமும் என் பொறுப்புலதான் இருக்கு. இதுவரைக்கும் நாங்க செஞ்சது எல்லா ஸ்கூல்லயும் செய்யிறதுதான், சுற்றாடல் தினத்துக்கு மரம் நடுறது, சுவர்ல போஸ்டர் ஒட்டுறது, வளவு கூட்டுறது.

போன தவணை ஏழாம் ஆண்டு புள்ளை ஒருத்தன் கேட்டான், மிஸ் நம்ம லயத்துக்கு கீழ போற ஓடை கடைசியா எங்க போகுதுன்னு. பதில் சொல்ல கரும்பலகையில கோடு போட்டு காட்டினேன். ஓடை கெஹெல்கமு ஓயாவுல விழுது, அது நோர்வூட் தாண்டி காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு போகுது, அங்கேருந்து இறங்கி மஸ்கெலி ஓயாவோட சேர்ந்து களனி கங்கையாகுது, அம்பத்தளையில அந்த தண்ணியைத்தான் எடுத்து சுத்தம் பண்ணி கொழும்புக்கு குடிக்க கொடுக்கிறாங்கன்னு சொன்னதும் வகுப்பே அமைதியாயிருச்சு. பின்வரிசையில இருந்த ஒரு புள்ளை மெதுவா கேட்டுச்சு, அப்ப நம்ம போடுற லன்ச் ஷீட்டும் பெம்பர்ஸும் அவங்க தண்ணியிலயா மிஸ்னு. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

அதுல இருந்துதான் இந்த யோசனை. ஒரு வருஷம் முழுக்க புள்ளைங்க அந்த ஓடையை பார்க்கணும், தண்ணியை சோதிக்கணும், எங்க அசுத்தமாகுதுன்னு அவங்களே கண்டுபிடிக்கணும். தண்ணி சோதிக்கிற கிட், பைனோகுலர் ஒரு ரெண்டு மூணு, வருஷத்துல ஒருதடவை ஹோர்டன் சமவெளிக்கு ஒரு ட்ரிப், இவ்வளவுதான் மனசுல இருக்கு. பஸ்ஸுக்கு விசாரிச்சா அதுக்கே நாப்பதாயிரம் சொல்றாங்க. எங்க புள்ளைங்களோட அம்மா அப்பாகிட்ட அதை கேட்க எனக்கு வாய் வராது, கொழுந்து கிலோ குறைஞ்சா அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம் மட்டும் போடுற காலம்.

நெட்டுல தேடினா வர்றதெல்லாம் வெளிநாட்டு கிராண்ட். அமெரிக்காவுல 1990இல வந்த சுற்றாடல் கல்வி சட்டத்துக்கு கீழ அவங்களோட சுற்றாடல் நிறுவனம் ஸ்கூல்களுக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் காசு கொடுத்திருக்கு, நல்லா படிச்சு நோட்ஸ் எல்லாம் எடுத்தேன், கடைசியில பார்த்தா அது அந்த நாட்டுக்குள்ள உள்ளவங்களுக்கு மட்டும். நம்ம நாட்டுல இருந்துகொண்டு ஒரு அரசாங்க ஸ்கூல் யார்கிட்ட கேட்கலாம்? நான் டீச்சரா என் பேர்ல போடலாமா, இல்ல அதிபர்தான் போடணுமா? இங்கிலிஷ்ல எழுதணும்னா யார்கிட்ட காட்டி திருத்துறது? தெரிஞ்சவங்க தயவுசெய்து சொல்லுங்க.

---

பழைய அதிபர் எழுதினது:

டீச்சர், உங்க கேள்வியை ரெண்டுதடவை படிச்சேன். நான் அட்டன் வலயத்துல அதிபரா இருந்து ஓய்வு பெற்றவன், அதனால முதல்ல காசு வர்ற வழியை விட காசு வந்து விழுற இடத்தை பத்தி சொல்றேன், ஏன்னா அதுலதான் கனபேர் மாட்டிக்கிறாங்க.

எந்த காசும் உங்க சொந்த கணக்குக்கு வரவே கூடாது. நல்ல மனசோட செஞ்சாலும் பின்னுக்கு கணக்காய்வுல பதில் சொல்ல முடியாம போகும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு பேங்க்ல கணக்கு இருக்கும், அதிபர்தான் தலைவர், அந்த கணக்குக்குத்தான் வரணும், சங்க கூட்டத்துல பேசி தீர்மானமா எழுதி கையெழுத்து வாங்குங்க. அந்த தீர்மானத்தோட பிரதி ஒண்ணை உங்க ஃபைல்லயும் வைங்க. அடுத்தது வலயக் கல்விப் பணிமனைக்கு ஒரு கடிதம், இன்ன வேலை செய்யப்போறோம், இன்ன இடத்துல உதவி கேட்கப்போறோம்னு. அனுமதி வர ஒரு மாசமும் ஆகலாம், அதனால விண்ணப்ப திகதிக்கு முந்தின வாரம் ஓடாதீங்க.

அதோட, நீங்க சொல்லாம விட்ட ஒண்ணு இருக்கு. மத்திய சுற்றாடல் அதிகாரசபை ஸ்கூல்கள்ல சுற்றாடல் முன்னோடிகள்னு ஒரு வேலைத்திட்டம் நடத்துது. புள்ளைங்க படிப்படியா பதக்கம் எடுத்து கடைசியா ஜனாதிபதி பதக்கம் வரைக்கும் போகலாம். உங்க கழகம் அதுல பதிஞ்சிருக்கா? இல்லைன்னா முதல் வேலை அது. கையில காசு தராட்டியும் அதிகாரசபையோட மாவட்ட அலுவலகத்துல உள்ள உத்தியோகத்தரை தெரிஞ்சுகொள்ள அதுதான் வழி, நாளைக்கு ஒரு நன்கொடையாளர் உங்க கழகம் என்ன கழகம்னு கேட்டா காட்டுறதுக்கு ஒரு பதிவும் இருக்கும். எங்க தோட்டத்து புள்ளைங்க அந்த பதக்கத்தை சட்டையில குத்திகிட்டு அசெம்பிளியில நிக்கிறதை நான் பார்த்திருக்கேன். ஓஎல் ரிசல்ட் வந்தப்ப கூட அந்த முகத்தை பார்க்கல.

---

மழைமானி எழுதினது:

நான் பதுளை மாவட்டம், கொஸ்லந்தைக்கு கிட்ட உள்ள ஒரு ஸ்கூல். மிஸ் எழுதினதை பார்த்ததும் என் அனுபவத்தை சொல்லியே ஆகணும்னு தோணுச்சு, கொஞ்சம் நீளமா போகும்.

முந்தி நான் இருந்த ஸ்கூலுக்கு ஒரு அமைப்பு சுற்றாடல் கல்விக்குன்னு பொருள் கொடுத்துச்சு. பைனோகுலர் ஆறு, நல்ல தண்ணி சோதிக்கிற கிட், புரொஜெக்டர், எல்லாமே தரமான சாமான். பேனர் கட்டி படம் எடுத்தாங்க. முதல் தவணை நல்லா போச்சு. அடுத்த வருஷம் எனக்கு இடமாற்றம் வந்துருச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு வேலையா அங்க போனப்ப கேட்டேன், எல்லாம் அதிபர் ரூம் அலுமாரியில பூட்டி இருக்கு, தொலைஞ்சா யார் பதில் சொல்றதுன்னு யாருமே எடுக்கிறதில்லையாம். கிட்டுல இருந்த மருந்து எல்லாம் திகதி முடிஞ்சு போச்சு. யாரையும் குறை சொல்லல, பொருள் பதிவேட்டுல ஏறினா அப்படித்தான் ஆகும். ஆனா எனக்கு மனசு ரொம்ப வலிச்சுது.

இப்ப உள்ள ஸ்கூல்ல அதனால வேற மாதிரி தொடங்கினேன். 2014 ஒக்டோபர் 29 காலையில மீரியபெத்தையில மண் சரிஞ்சு லயங்களை மூடினது இந்த பக்கத்து ஆக்களுக்கு எப்பவும் மறக்காது, எங்க புள்ளைங்க வீட்டுல மழை பலமா பெய்ஞ்சா பெரியவங்க இன்னும் ராத்திரி முழிச்சு இருப்பாங்க. அதனால மழையை அளக்கிறதுல இருந்து தொடங்கினோம். ஒண்ணரை லீட்டர் போத்தல், பக்கம் நேரா உள்ளதா பார்த்து எடுக்கணும், தோள் பக்கத்துல வெட்டி மேல் துண்டை தலைகீழா புனல் மாதிரி வைக்கிறது, அடியில சின்ன கல்லு போட்டு கல்லு மூடுற வரைக்கும் தண்ணி ஊத்தி அந்த மட்டத்துல பூச்சியம்னு கோடு, அதுல இருந்து மேல அடிமட்டத்தை டேப்ல ஒட்டுறது. கூரையும் மரமும் இல்லாத இடத்துல வச்சு தினமும் காலையில எட்டரைக்கு வாசிக்கிறது, வாசிச்சதும் திரும்ப பூச்சியத்துக்கு கொண்டு வர்றது. ஒரு மில்லிமீட்டர் மழைன்னா ஒரு சதுர மீட்டர் நிலத்துல ஒரு லீட்டர் தண்ணி, இதை வச்சே ஒரு கணக்கு பாடம் நடத்தலாம். சனி ஞாயிறு ஸ்கூலுக்கு பக்கத்து லயத்து புள்ளைங்க ரெண்டு பேர் வந்து வாசிக்கிறாங்க.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை கொடுக்கிறது 24 மணித்தியால மழையை வச்சுத்தான். 75 மில்லிமீட்டர் தாண்டினா விழிப்பா இருக்கணும், 100 தாண்டினா வெளியேற ஆயத்தமா இருக்கணும், 150 தாண்டினா வெளியேறணும். அந்த மூணு எண்ணையும் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்புன்னு கேட்டுக்கு பக்கத்து சுவர்ல எழுதி கீழ ஒரு சின்ன பலகை மாட்டினோம். ஒரு நாள் காலையில எட்டாம் ஆண்டு புள்ளை ஒண்ணு பலகையில 82ன்னு எழுதிட்டு கையில சோக்கோட அப்படியே நிக்குது, மலைக்கு போயிகிட்டு இருந்த அம்மாமார் நாலைஞ்சு பேர் கொழுந்துக் கூடையோட நின்னு அதை பார்க்கிறாங்க, ஒருத்தங்க கேட்குறாங்க இது மஞ்சளாம்மான்னு. அந்த புள்ளை ஆமான்னு சொல்லி விளங்கப்படுத்துச்சு. எனக்கு தெரிஞ்ச சுற்றாடல் கல்வி அதுதான் மிஸ். செலவுன்னு பார்த்தா ஒரு போத்தல், ஒரு அடிமட்டம், ஒரு கொப்பி.

எட்டு மாசம் அந்த கொப்பியை விடாம எழுதின பிறகுதான் உதவி கேட்டோம், கொப்பியோட பக்கங்களை படம் எடுத்து விண்ணப்பத்தோட வச்சோம். கிடைச்சது சின்ன தொகைதான், ஆனா கேள்வி கேட்காம கொடுத்தாங்க. அதனால நான் சொல்றது, கிராண்டுக்கு முந்தி ஓடையை தொடங்கிடுங்க. நீங்க மாறி போனாலும் அந்த கொப்பியை எழுதுறதுக்கு புள்ளைங்க இருக்கணும், அதை இப்பவே பழக்குங்க.

---

புரொபோசல் எழுதுறவன் எழுதினது:

வணக்கம் டீச்சர். நான் மலையகத்துல ஒரு சின்ன அமைப்புல திட்டம் எழுதுற வேலை செய்யிறேன், மேல அதிபர் சேர் சொன்னதும் மழைமானி சேர் சொன்னதும் நூத்துக்கு நூறு சரி. எங்க கேட்கலாம்னு கேட்டீங்கல்ல, எனக்கு தெரிஞ்சதை சொல்றேன்.

பெருசுல இருந்து வந்தா, உலக சுற்றாடல் வசதியத்தோட சிறு மானியத் திட்டம் ஒண்ணு இருக்கு, ஜி.ஈ.எஃப் எஸ்.ஜி.பின்னு சொல்லுவாங்க. 1992இல உலக அளவுல தொடங்கினது, 1994இல இருந்து இலங்கையில இருக்கு, ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம், அதாவது யூ.என்.டி.பிதான் நடத்துது. அது ஸ்கூலுக்கு நேரா வராது, பதிஞ்ச சமூக அமைப்புக்கோ தொண்டு நிறுவனத்துக்கோதான். அப்ப உங்க தோட்டத்துல பிரதேச செயலகத்துல பதிஞ்ச இளைஞர் கழகமோ மாதர் சங்கமோ இருந்தா அவங்க விண்ணப்பிச்சு ஸ்கூல் பங்காளியா சேரலாம். அதுல உங்க பக்கத்து பங்களிப்பு என்னன்னு கேட்பாங்க, பயந்துறாதீங்க, காசா இருக்கணும்னு இல்ல. பெற்றோர் ஞாயித்துக்கிழமை வந்து ஓடைக்கரையை துப்புரவு பண்ணினா அத்தனை பேரோட நாள் கூலியை கணக்கு போட்டு பங்களிப்புன்னு காட்டலாம். வரவு பதிஞ்சு கையெழுத்து வாங்கியிருக்கணும், அவ்வளவுதான். ஆனா உங்களுக்கு இப்ப வேண்டியது அவ்வளவு பெரிய தொகை இல்ல, ஒரு ஸ்கூலுக்காக அதுல கை வைக்கிறதை விட அதே ஓயாக்கரையில உள்ள நாலஞ்சு ஸ்கூல் சேர்ந்து ஒரு அமைப்போட போனா பொருத்தமா இருக்கும்.

தூதரகங்கள்ல கனடாவோட உள்ளூர் முயற்சிகளுக்கான நிதி, அவுஸ்திரேலியாவோட நேரடி உதவித் திட்டம், ஜப்பானோட அடிமட்ட மானியம்னு இருக்கு, இதுகள்ல ஒவ்வொரு வருஷமும் எதுக்கு முன்னுரிமைன்னு மாறும், அறிவிப்பை கவனமா படிங்க. ரஃபர்ட்னு ஒரு இங்கிலாந்து நிதியம் தனி ஆளுக்கும் சின்ன குழுவுக்கும் கொடுக்குது, அதுல உயிரின பாதுகாப்பு வேலை நடுவுல இருக்கணும், கல்வி அதோட சேர்ந்து வரலாம். கெம்பஸ்ல படிக்கிற உங்க பழைய மாணவர் யாராவது ஓடை உயிரினங்களை பத்தி ஆய்வு செய்ய வந்தா அந்த வழி திறக்கும்.

எழுதுறதை பத்தி ஒண்ணு. விழிப்புணர்வு ஏற்படுத்துவோம்னு மட்டும் எழுதி அனுப்பாதீங்க, நூறு விண்ணப்பம் வந்தா நூறுலயும் அதுதான் இருக்கும், படிக்கிறவருக்கு ஒண்ணும் மனசுல நிக்காது. நீங்க இங்க எழுதின அந்த கெஹெல்கமு ஓயா கதையை எழுதுங்க. கொழும்பு குடிக்கிற தண்ணியோட தலைப்பக்கத்துல உங்க புள்ளைங்க இருக்காங்க, அவங்க மாசத்துல ரெண்டு தடவை ஓடையில அஞ்சு இடத்துல பார்த்து எழுதுவாங்க, வருஷ முடிவுல லயத்து ஆக்களை கூப்பிட்டு காட்டுவாங்க, குப்பை கொட்டுற ரெண்டு இடத்தை மாத்த தோட்ட நிர்வாகத்தோட பேசுவாங்க. இதை படிக்கிற எந்த ஆளும் கொழும்புல தண்ணி குடிக்கிறவர்தான். இதைவிட பலமான ஒரு முதல் பந்தி உங்களுக்கு கிடைக்காது.

பில் விஷயத்துல மட்டும் கண்டிப்பா இருங்க. தோட்டத்து கடையில பில் புத்தகம் இருக்காது, வாழைப்பழம் ரொட்டி வாங்கினா கூட வவுச்சர் எழுதி கடைக்காரர்கிட்ட கையெழுத்து வாங்கிடுங்க, அன்னைக்கே. ஒரு மாசம் கழிச்சு தேடினா கிடைக்காது, அந்த காசு உங்க சம்பளத்துல இருந்துதான் போகும். மழை மாசங்களையும் பார்த்து திகதி போடுங்க, மே கடைசியில இருந்து தென்மேல் பருவமழை, அந்த நேரம் புள்ளைங்களை ஓடைக்குள்ள இறக்கவே கூடாது. பட்ஜெட்டுல முதலுதவி பெட்டியும் கயிறும் போடுங்க.

மொழியை பத்தி கவலைப்படாதீங்க, நீங்க தமிழ்ல மனசுல உள்ளதை எழுதுங்க, நான் இங்கிலிஷ்ல மாத்தி தர்றேன். காசு ஒண்ணும் வேணாம்.

---

கெம்பஸ் தங்கச்சி எழுதினது:

டீச்சர் நானும் தோட்டத்து ஸ்கூல்ல படிச்சுதான் இப்ப பேராதனையில விலங்கியல் படிக்கிறேன், அதனால உங்களுக்கு எழுதாம இருக்க முடியல.

தண்ணி சோதிக்க கிட் இல்லாமலே தொடங்கலாம். ஒரு வெள்ளை பேசின், ஒரு டீ வடி, பழைய பல் தேய்க்கிற பிரஷ், இவ்வளவும் போதும். ஓடையில ஓட்டம் உள்ள இடத்துல கல்லை மெதுவா தூக்கி அடிப்பக்கத்தை பேசினுக்குள்ள பிரஷ்ல தட்டி விடுங்க. கொஞ்ச நேரம் அசையாம பார்த்தா ஓட ஆரம்பிக்கும். தட்டையா, பின்னுக்கு மூணு வால் நீட்டிகிட்டு வயித்துப் பக்கத்துல செவுள் துடிக்கிறது மேஃப்ளை குஞ்சு, சின்ன கல்லையும் இலைத் துண்டையும் ஒட்டி தனக்கு கூடு கட்டி அதுக்குள்ள இருக்கிறது கேடிஸ்ஃப்ளை. இதெல்லாம் இருந்தா தண்ணியில ஒட்சிசன் நல்லா இருக்குன்னு அர்த்தம். சேத்துல சிவப்பா நெளியிற புழு மட்டும்தான் இருக்குன்னா அங்க அசுத்தம் கூட. லயத்துக்கு மேல ஒரு இடம், லயத்துக்கு கீழ ஒரு இடம்னு பார்த்தாலே புள்ளைங்களுக்கு வித்தியாசம் கண்ணுல தெரியும், சொல்லிக் கொடுக்கவே தேவையில்ல. பார்த்து முடிஞ்சதும் எல்லாத்தையும் எடுத்த இடத்துலயே விட சொல்லுங்க. அட்டைக்கு உப்பு கொண்டு போங்க, கையை சவுக்காரம் போட்டு கழுவ வைங்க.

ஹோர்டன் சமவெளி ட்ரிப்பை விட்டுறாதீங்க டீச்சர், பஸ் மட்டும்தான் வழின்னு நினைக்காதீங்க. அட்டன்ல இருந்து ட்ரெயின்ல பட்டிப்பொளை வரைக்கும் போய் அங்கேருந்து வேன் பிடிக்கலாம், ட்ரெயின் பயணமே புள்ளைங்களுக்கு ஒரு பாடம். அங்க வாசல்லயே பையை பார்த்து பொலித்தீன் எல்லாம் வாங்கிடுவாங்க, சாப்பாட்டை வாழை இலையில கட்டிகிட்டு போங்க. களனி, மகாவலி, வளவை மூணுக்கும் தலைத்தண்ணி அந்த பக்கத்துல இருந்து வருதுன்னு புல்வெளியில நின்னு சொன்னா அவங்க ஓடைக்கு அடுத்த அத்தியாயம் அதுதான். ஆனா அதுக்கு முந்தி உங்க தோட்டத்துக்கு மேல உள்ள காட்டோரத்துல ஒரு காலை நேரம் நடக்க விடுங்க. மஞ்சள் காது கொண்டைக்குருவி இலங்கை மலையில மட்டும்தான் இருக்கு, உலகத்துல வேற எங்கயும் இல்ல, அது எங்க வீட்டு பின்னால கொய்யா மரத்துக்கு வந்து போறதை நான் பத்து வயசுல இருந்து பார்த்திருக்கேன், அதோட பெருமை என்னன்னு எனக்கு தெரிஞ்சது கெம்பஸ் வந்த பிறகுதான். உங்க புள்ளைங்களுக்கு அது இப்பவே தெரியட்டும்.

லீவுக்கு வரும்போது நானும் இன்னும் ரெண்டு பேரும் வந்து ஒரு நாள் புள்ளைங்களோட ஓடையில இருக்கிறோம். பைனோகுலர் ஒண்ணு எங்ககிட்ட இருக்கு, கொண்டு வர்றோம்.

---

ஓடைக்கரை டீச்சர் திரும்ப எழுதினது:

உங்க எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. ஒரு வாரமா பதில் போடாததுக்கு மன்னிச்சுக்கோங்க, சும்மா நன்றின்னு மட்டும் எழுதாம ஏதாவது செஞ்சிட்டு வந்து எழுதணும்னு இருந்தேன்.

சனிக்கிழமை காலையில எட்டு புள்ளைங்க வந்தாங்க, ரெண்டு பேரோட அப்பாவும் கூட வந்தாங்க. தங்கச்சி சொன்ன மாதிரி பேசினும் டீ வடியும் கொண்டு போனோம். லயத்துக்கு மேல, பீலிக்கு முந்தி உள்ள இடத்துல மூணாவது கல்லுலயே அந்த மூணு வால் பூச்சி கிடைச்சிருச்சு, மொத்தம் பதினொண்ணு எண்ணினோம். லயத்துக்கு கீழ பாலத்தடியில இருபது கல்லு தூக்கியும் ஒண்ணு கூட இல்ல, சிவப்புப் புழுதான். ஓடை எங்க போகுதுன்னு கேட்டானே அந்த புள்ளை, அவன்தான் பாலத்தடி எண்ணிக்கையை கொப்பியில எழுதினான், பூச்சியம்னு எழுதிட்டு ரொம்ப நேரம் அந்த பக்கத்தையே பார்த்துகிட்டு இருந்தான். கூட வந்த அப்பா ஒருத்தர் பாலத்துக்கு மேல நின்னு, இந்த குப்பை மேட்டை நாங்க பேசி வேற இடத்துக்கு மாத்துறோம் டீச்சர்னு அவராவே சொன்னார்.

மழைப் போத்தலும் வச்சாச்சு. அதிபரோட பேசிட்டேன், வர்ற புதன்கிழமை அபிவிருத்திச் சங்க கூட்டத்துல தீர்மானம் எடுக்கிறோம், வலயத்துக்கு கடிதமும் அன்னைக்கே போகுது. முன்னோடிகள் வேலைத்திட்டத்துல எங்க ஸ்கூல் முந்தி பதிஞ்சிருந்து நடுவுல விட்டுப்போச்சாம், அதை திரும்ப பதியிறதுக்கு போர்ம் கேட்டிருக்கேன்.

புரொபோசல் எழுதுற தம்பிக்கு ஒரு கேள்வி. இதே ஓயாக்கரையில கீழ உள்ள ரெண்டு ஸ்கூல் டீச்சர்மாரோட கதைச்சேன், ரெண்டு பேருக்கும் விருப்பம். மூணு ஸ்கூலும் ஒரே நாள்ல ஒரே மாதிரி எண்ணி எழுதினா நல்லதா, இல்ல முதல் மூணு மாசம் எங்க கொப்பி மட்டும் போதுமா? அதை சொல்லிட்டீங்கன்னா அடுத்த சனிக்கிழமைக்கு அவங்களுக்கும் பேசின் வாங்கணும்.

---

புரொபோசல் எழுதுறவன் எழுதினது:

மூணு ஸ்கூலும் ஒரே நாள்லயே தொடங்குங்க டீச்சர். ஒரே ஓயாவுல மேல, நடு, கீழன்னு மூணு இடத்து எண்ணிக்கை பக்கத்துல பக்கத்துல இருந்தா அதுக்கு பெறுமதி வேற. கொப்பியில கோடு போடுற விதம் மூணுலயும் ஒண்ணா இருக்கட்டும், திகதி, நேரம், முந்தின நாள் மழை, இடம், எண்ணிக்கை, எழுதினவர் பேர். முதல் பக்கத்தை படம் எடுத்து எனக்கு அனுப்புங்க, பேசின் மூணும் நான் அட்டன்ல வாங்கி பொகவந்தலாவை பஸ்ஸுல போட்டு விடுறேன்.